மேசைமேல் வைத்த பாதம்

சிஞ்ஞோராவின் சாப்பாட்டு மேசையில், பழத்தட்டு இருக்கும் இடத்தில், அன்று ஒரு பாதம் இருந்தது. கை முறிந்தால் வைத்தியசாலையில் பூசுவார்களே, அந்த வெள்ளைச் சாந்தில் வார்த்தது. உள்ளங்கால் கூரையைப் பார்க்க, ஐந்து விரல்களும் விரிந்து, பழைய செய்தித்தாள் ஒன்றின்மேல் மல்லாந்து கிடந்தது.

நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஆகவே அந்த நாளின் திகதி என்னிடம் இல்லை; இல்லாத திகதியை ஊகித்து எழுதவும் விருப்பமில்லை. தவக்காலம் தொடங்கியிருந்தது நிச்சயம், ஏனெனில் வீட்டில் இறைச்சி சமைக்கவில்லை. சிசிலித் தீவின் பலேர்மோவில் பெருமழை பெய்து ஓய்ந்திருந்ததும் நிச்சயம், ஏனெனில் மழை பெய்திராவிட்டால் அந்தப் பாதமே கிடைத்திராது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மா அந்த வீட்டில் வேலை செய்தார்; வீட்டு எசமானியைச் சிஞ்ஞோரா என்றே அழைப்போம். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கே போய், குசினியில் ஒரு முக்காலியில் இருந்து வீட்டுப்பாடம் செய்வேன். சிஞ்ஞோராவின் கணவர் இயற்கை விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைப் புரொஃபெசோரே என்றே அழைத்தார்கள். சிஞ்ஞோராவும் அப்படித்தான், கோபம் வந்தால் மட்டும் சொந்தப் பெயர் வெளியே வரும். புதன்கிழமை பின்னேரங்களில் அவருடைய குழு அந்த மேசையைச் சுற்றிக் கூடும். ஒரு பல் வைத்தியர், தபால் கந்தோரில் வேலை பார்த்த ஒரு பெண், கமெராவோடு ஒரு மாணவன். அவர்கள் தேடியது காட்டு மனிதனை. அமெரிக்கக் காடுகளில் பிக்ஃபூட் என்ற பெருங்காலனைக் குழுக்குழுவாகப் போய்த் தேடுகிறார்களே, அவனுடைய சிசிலியத் தம்பியை.

அவர்கள் இதை விளையாட்டாகச் செய்யவில்லை. மதோனியே மலைகளில் கூடாரம் அடித்துத் தங்கி, கொஞ்சம் காட்டுப்பன்றி மயிரோடும், ஒரு புதரின் மங்கலான படத்தோடும், பல் வைத்தியரின் சளிக்காய்ச்சலோடும் திரும்பியவர்கள். அந்த மயிர் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள், “பன்றி” என்று எழுதிய சீட்டோடு, அலுமாரியில் இருந்தது. பிழையாகிப்போன தடயத்தையும் எறியக்கூடாது, சரியான பெயரை எழுதி வைக்க வேண்டும் என்பது புரொஃபெசோரேயின் விதி. அவரிடம் வேறு விதிகளும் இருந்தன. கண்டதை உடனே தொடாதே. அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடு. பிறகு அள. பெயர் வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். குசினியில் இருந்து கேட்டுக் கேட்டே எனக்கு அவை பாடமாகின. இன்றும் வீட்டுச் சுவரில் ஒரு வெடிப்பைக் கண்டால் அளவுகோலை ஒட்டி வைத்துத்தான் படம் எடுக்கிறேன். இப்போதைய குழுக்கள் ட்ரோன் பறக்க விடுகின்றன, மரங்களில் தானியங்கிக் கமெரா கட்டுகின்றன, கைபேசியில் பார்க்கிறேன். ஒழுங்கு என்று பார்த்தால் புரொஃபெசோரேக்குக் கிட்ட ஒருவரும் வரமாட்டார்கள்.

இனி மாமா. அம்மாவின் தம்பி. மன்னாரில் கடலுக்குப் போனவர்; அந்தத் தொழிலில் சப்பாத்துக்கு வேலையில்லை. எங்கள் ஆட்களில் அவ்வளவு உயரமான, அவ்வளவு பாரமான ஒருவரை நான் பலேர்மோவில் கண்டதில்லை. சீசா என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக் குசினியில், மடிப்புக் கட்டிலில் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கப் படுப்பார். நாட்டில் இருக்க அனுமதிக்கும் பத்திரமான பெர்மெசோ அவரிடம் இல்லை. பொலிஸ் மறித்தால் திருப்பி அனுப்பிவிடும் என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் கதவை யாராவது தட்டினாலும் எங்கள் வீட்டில் கதை நின்றுவிடும்.

பெர்மெசோவுக்காக மாமா ரொசாலியா மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தார். பலேர்மோத் தமிழர்களில் வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் முறைப்பாடு கொண்டுபோகும் இடம், நகரத்தின் தலைக்கு மேல் நிற்கும் மலையில் உள்ள அவருடைய குகைக் கோயில்தான். ஞாயிறு காலையில் வெறுங்காலோடு அந்த மலை ஏறாத குடும்பம் குறைவு. மாமாவின் நேர்த்தி அதற்கு ஒருபடி மேலே: ஒரு ஞாயிறும் தவறாமல் ஏறுவார், பெர்மெசோ கையில் வரும்வரை சப்பாத்தே போடமாட்டார். மாசிக் குளிரிலும் தெருவில் ரப்பர்ச் செருப்புத்தான்.

“காலுறையாவது போடடா, விறைச்சுப் போவாய்” என்பார் அம்மா.

“சப்பாத்தை விட்டிட்டுக் காலுறையைப் போட்டா மாதாவுக்குத் தெரியாதெண்டே நினைக்கிறீங்கள்? அவவென்ன குவெஸ்தூராக்காரியே, ஒவ்வொரு கடுதாசியா விட்டுவிட்டுப் பாக்க?”

குவெஸ்தூரா என்பது பெர்மெசோ கொடுக்கும் பொலிஸ் தலைமையகம். அங்கே பத்திரத்தை வாங்கப் போகும் நாளில் போடுவதற்கென்று அப்பா வாங்கிவைத்த கறுப்புச் சப்பாத்து, கட்டிலுக்குக் கீழே பெட்டியோடு இருந்தது. நான் இடைக்கிடை பெட்டியைத் திறந்து, புதுத் தோலின் மணத்தை முகர்ந்துவிட்டு மூடுவேன். அந்தச் சப்பாத்து வெளியே வரும் நாள் எங்கள் வீட்டுக்கு இன்னொரு நத்தார்ப் பெருநாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஒரு ஞாயிறு, மலைக்குப் போகும் கல் பாவிய பாதையின் அடியில் ஒரு பொலிஸ் வண்டி நின்றது. அன்றிலிருந்து மாமா பாதையை விட்டுவிட்டு, பைன் மரக் காட்டுக்குள்ளால், ஆடும் தயங்குகிற சரிவொன்றில் ஏறத் தொடங்கினார். இதை எனக்கு அப்போது ஒருவரும் சொல்லவில்லை. அவருடைய காற்சட்டை முழங்கால்வரை சேறாகி வருவதையும், அம்மா ஏசி ஏசி அதைத் தோய்ப்பதையும் மட்டுமே கண்டேன்.

இப்போது மேசைக்கு வருகிறேன்.

அந்தப் புதன்கிழமை குழுவில் ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை. பாதத்தைச் சுற்றி நின்றார்கள். நான் குசினிக் கதவிடுக்கால் பார்த்தேன். புரொஃபெசோரே பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். நீளம், மனிதக் காலைவிடக் கூடுதல். முன்பாதம் விசிறிபோல் அகன்றிருக்கிறது. பெருவிரல் மற்ற விரல்களோடு சேராமல் விலகி நிற்கிறது. சின்ன விரல் பக்கத்து விரலின்மேல் ஏறிக் கிடக்கிறது. சேற்றுத் தடத்தில் சாந்து ஊற்றி அச்செடுத்த இடமோ, ரொசாலியா மாதா மலையில் மனிதர் நடக்காத சரிவு.

மாணவன்தான் முதலில் சந்தேகப்பட்டான். “மலைக்கு வெறுங்காலோடு வருவார்களே சிலோன்காரர்கள், அவர்களில் யாராவது...”

“அவர்கள் பாதையால் போகிறவர்கள்” என்றார் புரொஃபெசோரே. “அதோடு சின்ன உடம்புக்காரர். இது எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது, பார்.”

“நான் வாழ்நாள் முழுவதும் மனிதர்களின் வாயைப் பார்த்தவன்” என்றார் பல் வைத்தியர். “மனிதன் எது, மற்றது எது என்று எனக்குத் தெரியும். இது மனிதக் கால் அல்ல.”

தபால் கந்தோர்ப் பெண் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

மழைச் சேற்றில் வழுக்கிய கால் தன்னைவிட நீளமான தடத்தை விடும் என்பதும், சப்பாத்துக்குள் அடைபடாமல் வளர்ந்த காலின் விரல்கள் அப்படித்தான் விரியும் என்பதும் அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வளர்ந்த ஒருவருடைய அப்படியான காலை அவர்கள் கிட்டத்தில் பார்த்ததேயில்லை. பெயர் வைப்பது கடைசியில் என்ற விதியைப் புரொஃபெசோரே அன்றைக்கு மட்டும் மறந்துவிட்டார்.

அப்போது அம்மா கோப்பித் தட்டோடு உள்ளே போனார். பாதத்தைக் கண்டதும் நின்றார். பிறகு அம்மா, சீனியே போடாத பல் வைத்தியரின் கோப்பைக்குள் கரண்டி கரண்டியாகச் சீனி போட்டுக் கலக்கி நீட்டினார். தடயங்களைத் தேடும் அந்தக் குழுவில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. பல் வைத்தியர் கூட அதைக் குடித்து முடித்தார்.

நான் முக்காலிக்குத் திரும்பி, ஒரு சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன். என் சின்ன விரல் பக்கத்து விரலின்மேல் ஏறிக் கிடந்தது. எப்போதும் அப்படித்தான் கிடந்தது. அம்மாவின் காலிலும் அப்படித்தான். காட்டு மிருகத்தின் அடையாளம் என்று அவர்கள் சொன்னது எங்கள் குடும்பத்துக் கால். காலுறையை இழுத்துப் போட்டு, சப்பாத்து நாடாவை நோகும்வரை இறுக்கிக் கட்டினேன்.

வரும் ஞாயிறு காலை அந்தச் சரிவில் காத்திருப்பது என்று குழு முடிவு செய்தது. சாட்சிக்கு ஃபொரெஸ்தாலே என்ற வனக்காவலர் இருவரை அழைப்பதாகப் புரொஃபெசோரே சொன்னார். சிஞ்ஞோரா குசினிக்கு வந்து, ஞாயிறு ஓய்வுநாள் என்று தெரியும், ஆனாலும் கோப்பியும் பாணும் எடுத்துக்கொண்டு கூட வரமுடியுமா என்று கேட்டார். “சீ, சிஞ்ஞோரா” என்றார் அம்மா; இத்தாலியனில் ‘சீ’ என்றால் ‘ஆம்’. அந்த வீட்டில் அவர் வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

பஸ்ஸில் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

“அம்மா, நாங்கள் மனுசர்தானே?”

“வாயைப் பொத்திக்கொண்டு வா.”

இல்லை என்று அவர் சொல்லாததை வைத்து வீடுவரை மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வீட்டில் மாமா கட்டிலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அம்மா கைப்பையைக் கூட இறக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அப்போதுதான் அது யாருடைய கால் என்று எனக்குத் தெரிந்தது. மாமா வெங்காயக் கண்ணீரோடு விழுந்து விழுந்து சிரித்தார்.

“என்ரை காலையோ? மேசையிலையோ வைச்சிருக்கினம்? நான் கதிரையிலை கால் வைச்சாலே ஏசுறனீங்கள், அக்கா!”

“சிரியாதை. மனுசன்ர கால் இல்லையாமடா. மிருகமாம். ஃபொரெஸ்தாலேக்காரரையும் கூட்டிக்கொண்டு பிடிக்க வருகினம்.”

சிரிப்பு நின்றது. மாமா குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு அவற்றை மெல்ல இழுத்து, கட்டில் விரிப்பின் கீழே மறைத்துக்கொண்டார். அதற்கு முன்னர் அவர் எதையும் மறைத்து நான் கண்டதில்லை.

“சிஞ்ஞோராவிட்டைச் சொல்லிப் போடுவமே?” என்று நான் கேட்டேன்.

“சொல்லி? வீட்டிலை பெர்மெசோ இல்லாத ஆள் இருக்கெண்டு தெரிஞ்சா நாளைக்கு எனக்கு அங்கை வேலை இருக்குமோ?” என்றார் அம்மா. மாமாவின் பக்கம் திரும்பி, “இந்த ஞாயிறு நீ மலைக்குப் போகக்கூடாது” என்றார்.

“சரி, அக்கா.”

“மாதாமேலை ஆணையாச் சொல்லு.”

“சரியெண்டு சொன்னனெல்லே” என்று மாமா மறுபடியும் வெங்காயத்தை எடுத்தார்.

ஞாயிறு வானம் வெளித்திருந்தது. நாங்கள் பாறைகளுக்குப் பின்னால் குந்தியிருந்தோம். தடம் கிடைத்த இடத்தில் மாணவன் சேற்றைப் பலகையால் மட்டப்படுத்தி, தண்ணீர் தெளித்து வைத்திருந்தான். காவலர்களில் ஒருவர் புரொஃபெசோரேயிடம் படித்தவர். சிகரெட் பற்றவைக்கலாமா என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கைகட்டிக் கேட்டு, கூடாது என்ற பதிலையும் வாங்கிக்கொண்டார். பல் வைத்தியர் மூக்கை உறிஞ்சும் ஒவ்வொரு தடவையும் எல்லோரும் அவரை முறைத்தார்கள். அம்மா கோப்பிச் சூட்டுப்போத்தலை அணைத்துக்கொண்டு கண்ணை மூடிச் செபம் சொன்னார். அங்கே பயமில்லாமல் இருந்தது நான் ஒருத்திதான். மாமா வீட்டில் நித்திரை. மிருகம் என்று ஒன்று இல்லை. புரொஃபெசோரே இவ்வளவு ஆயத்தம் செய்தும் ஒன்றும் வரப்போவதில்லையே என்று அவருக்காகக் கொஞ்சம் கவலைப்பட்டேன்.

கீழே ஒரு கிளை முறிந்தது.

பிறகு இன்னொன்று. பாரமான ஏதோ சரிவில் ஏறி வந்தது. மூச்சுச் சத்தம் கேட்டது. தபால் கந்தோர்ப் பெண்ணின் நகங்கள் என் தோளில் இறங்கின. மற்றக் காவலரின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. மரங்களுக்கு நடுவே உயரமாக ஒன்று அசைந்தது. நான் அறிந்ததெல்லாம் ஒரு நொடியில் மறந்துபோயிற்று. மிருகம் உண்மையாகவே வருகிறது என்று நம்பினேன்.

வெளியே வந்தவர் மாமா. முகம் மழித்திருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். பெருநாள் பூசைக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டை. காற்சட்டையை முழங்கால்வரை மடித்திருந்தார். அங்குமிங்கும் பார்க்காமல் நேரே வந்து, மட்டப்படுத்திய சேற்றில் வலது காலை அழுத்தி வைத்து நின்றார்.

“ஐயோ தம்பி, ஓடு!” என்று அம்மா கத்தினார்.

“ஓடினா மிருகமெண்டுதான் எழுதுவினம், அக்கா.”

துப்பாக்கியில் இருந்த கையை அவர் பார்த்தார். இரண்டு கைகளையும் மெல்ல விரித்துக் காட்டினார். அவரிடம் இத்தாலியன் கடைச் சாமான்களின் பெயர்களுக்கு மேல் இல்லை. அதனால் என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, நீ சொல்லு. இது என்ரை கால் எண்டு. நான் மனுசன் எண்டு.”

நான் எழுந்து நின்றேன். வகுப்பில் பாடம் ஒப்புவிக்கும் குரலில், இத்தாலியனில், “இது என் மாமாவின் கால். அவர் மனிதர்” என்று சொன்னேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மாணவன் பழக்கதோஷத்தில் கமெராவைத் தூக்கினான்; புரொஃபெசோரே பார்க்காமலே கையால் அதைத் தாழ்த்தினார். பாறையைச் சுற்றிப் போய், சேற்றில் முழங்காலிட்டார். சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்தார். காலுக்குப் பக்கத்தில் வைக்கப் போன கை பாதியில் நின்றது. சின்ன விரலைப் பார்த்தார். மேசையில் சீனி கலக்கிக்கொடுத்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகுதான் தலையை நிமிர்த்தி மாமாவின் முகத்தைப் பார்த்தார். அவருடைய முகம் மேசையிலிருந்த சாந்தைப்போல வெளுத்திருந்தது.

“மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றார். நீ என்று அல்ல, மரியாதைப் பன்மையில்.

புரொஃபெசோரேயிடம் படித்த காவலர் கையை நீட்டினார். “பத்திரங்கள்?”

அம்மாவின் கையிலிருந்த சூட்டுப்போத்தல் நழுவிச் சரிவில் உருண்டு போனது.

“என் வீட்டில் வேலை செய்கிறவர்” என்றார் புரொஃபெசோரே, இன்னும் முழங்காலில் நின்றபடி. “பத்திரங்கள் வீட்டில் இருக்கின்றன. நாளைக் காலை நானே இவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.”

காவலர் தன் பழைய ஆசிரியரைப் பார்த்தார். “நாளைக் காலை, புரொஃபெசோரே. வராவிட்டால் நான் எழுத வேண்டிவரும்.”

“சரி, வந்த காலோடை மாதாவைப் பாத்திட்டு வாறன்” என்று மாமா அம்மாவிடம் சொல்லிவிட்டு, மிச்சச் சரிவில் ஏறிப் போனார். எல்லாம் நன்றாக முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அன்று மாலை நாங்கள் நால்வரும் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற தலைமை ரயில் நிலையத்தில் நின்றோம். மாமா வடக்கே போகும் வண்டியில் வேலைக்குப் போகிறார் என்று எனக்குச் சொன்னார்கள். காலையில் காட்டப் பத்திரம் இல்லை, ஆகவே விடிவதற்குள் அவர் பலேர்மோவில் இருக்கக்கூடாது, போகிற இடம் எல்லைக்கு அப்பால் பிரான்ஸ் என்பதெல்லாம் எனக்குச் சொல்லப்படவில்லை. நான் அவற்றைத் தேடவும் இல்லை. ஏனெனில் என் கண் வேறொன்றில் இருந்தது. மாமா அந்தக் கறுப்புச் சப்பாத்தைப் போட்டிருந்தார்.

நான் கைதட்டித் துள்ளினேன். “மாமா! பெர்மெசோ வந்திட்டுதோ?”

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா வண்டிகளின் நேரம் காட்டும் பலகையைப் பார்த்தார்.

“ஓம் பிள்ளை” என்றார் மாமா. “வந்திட்டுது.”

வண்டியை நோக்கி நடக்கையில் அவர் நொண்டினார். அந்த அகன்ற முன்பாதம் சப்பாத்துக்குள் எப்படிப் போயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“கடிக்குதோ, மாமா?”

“புதுசெல்லே. பழக விட்டிடும்.”

செருப்போடு வண்டியில் இருக்கிறவனைத்தான் பொலிஸ் முதலில் மறிக்கும் என்று அப்பா வற்புறுத்தி அதைப் போடவைத்தாராம். வருடங்கள் கழித்து அம்மா சொல்லித்தான் அறிந்தேன். அன்று நான் அறிந்தது, சப்பாத்து வெளியே வந்துவிட்டது என்பது மட்டுமே. வண்டி புறப்பட்டதும் அழுத அம்மாவை, இந்த நல்ல நாளில் ஏன் அழுகிறீர்கள் என்று கண்டித்தேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சிஞ்ஞோராவின் வீட்டுக்கு ஓடினேன். குழு வரவில்லை. மேசையில் மறுபடியும் பழத்தட்டு இருந்தது. புரொஃபெசோரே தனியாக அலுமாரிக்கு முன்னால் நின்றார். பன்றி மயிர்க் குப்பிக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைப் பாதம் இருந்தது. அதன் அடியில், அவருடைய நேரான கையெழுத்தில், புதிய சீட்டு: “மனிதன்.”

“புரொஃபெசோரே, மாமாவுக்குப் பெர்மெசோ கிடைத்துவிட்டது! சப்பாத்துப் போட்டுவிட்டார்! நானே கண்டேன்!”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, கதிரையில் இருந்தார். குசினியில் அம்மா தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

இவ்வளவு தேடியும் காட்டு மனிதன் கிடைக்கவில்லையே என்று அவருக்குக் கவலை என்று நினைத்தேன். கிட்டப் போய், சிசிலியில் இன்னும் எத்தனையோ மலைகள் இருக்கின்றன என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.